நிக்ஸி கடிகாரத்துக்கு 180 வோல்ட்: நெல்லைச் சீமை வீட்டுக்கு எந்த சர்க்யூட் ஒத்துவரும்?

ஐஎன்-12, ஐஎன்-14 மாதிரி பழைய சோவியத் நிக்ஸி ட்யூப்கள் (நியான் வாயுவுக்குள் எண் வடிவக் கம்பிகள் ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள்) கைக்கு வந்ததும் பலரும் முதலில் பெட்டியைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். தேக்கா, வேம்பா, எந்த வார்னிஷ் என்று அதிலேயே வாரம் ஓடிவிடும். உயர் மின்னழுத்த சப்ளைக்கு ஏதோ ஒரு சர்க்யூட்டை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். கடிகாரம் பத்து வருஷம் நின்று எரியுமா, முதல் ஆடி மாதத்திலேயே கண் சிமிட்டுமா என்பது அந்த சப்ளையைப் பொறுத்தது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆறு சின்ன ட்யூப் என்றால் 12 வோல்ட் அடாப்டரும் 34063 ஐசி வைத்த பூஸ்ட் சர்க்யூட்டும் (காயிலில் ஆற்றலைச் சேர்த்து உயர் வோல்ட்டாகக் கொட்டுவது). ஐஎன்-18 போன்ற பெரிய ட்யூப் என்றால் 3843 ஐசி வைத்த ஃப்ளைபேக் (அதே வேலையைச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் செய்வது). சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகாதவர் என்றால் விலைக்கு வாங்கும் மாட்யூல். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

ட்யூபுக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். பற்றிக்கொள்ள 170 வோல்ட் வரை தேவை. பற்றியபின் ட்யூபின் இரு முனைக்கும் இடையே ஏறக்குறைய 140 வோல்ட்தான் நிற்கும். மீதியை ட்யூபோடு வரிசையாக நிற்கும் ஆனோடு ரெசிஸ்டர் தாங்குகிறது. சப்ளை 180, ரெசிஸ்டர் 15 கிலோ ஓம் என்று வைத்தால் 40 வோல்ட்டை 15 கிலோவால் வகுக்க 2.67 மில்லி ஆம்பியர். ஐஎன்-14க்கு இது சரியான அளவு. ஆறு ட்யூபும் ஒன்றாக எரிந்தால் 16 மில்லி ஆம்பியர், 3 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சின்ன வேலைதான். ஆனால் 180 என்பது 165க்கு இறங்கினால் 8 சதவீதம்தான் குறைந்தது என்று விட முடியாது. ரெசிஸ்டரில் மிஞ்சும் 40 வோல்ட் 25 ஆகிவிடும், கரண்ட் 1.67 மில்லி ஆம்பியருக்கு விழும். எண்ணின் ஓரங்கள் எரியாது, 8 பார்த்தால் 3 மாதிரி தெரியும். நியானுக்கு இன்னொரு குணமும் உண்டு: இருட்டில் பற்றிக்கொள்ளக் கூடுதல் வோல்ட் கேட்கும். பகலில் நன்றாக எரிந்த கடிகாரம் நடு ராத்திரியில் ஒரு எண்ணைக் காட்டாமல் விட்டால் சப்ளை எல்லையில் நிற்கிறது என்று அர்த்தம்.

ஆக, சப்ளை ஆடாமல் நிற்க வேண்டும். நம் பக்கத்தில் அதை ஆட்டிப் பார்க்க நாலு விஷயம் உண்டு. வயலில் பம்ப்செட்டெல்லாம் ஓடும் நேரத்தில் இறங்கும் லைன் வோல்ட்டேஜ். கரண்ட் போனதும் மாறிக்கொள்ளும் வீட்டு இன்வெர்ட்டர். சித்திரை, வைகாசி வெயில். தென்காசி, குற்றாலம், அம்பாசமுத்திரம் பக்கம் ஆனி, ஆடியில் நாள் முழுக்க நிற்கும் சாரல் ஈரம். உவரி, திருச்செந்தூர் பக்கமானால் உப்புக் காற்று. ஒவ்வொரு சர்க்யூட்டையும் இந்த நாலுக்கும் எதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

நேராக 230லிருந்து எடுப்பது

வேண்டாம். 230 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட் டிசி, ஒரு ரெசிஸ்டர் போட்டால் ட்யூப் எரியும். மிச்சமாவது ஒரு டிரான்ஸ்ஃபார்மர் விலை. அதற்குப் பதிலாக, கடிகாரத்தின் கிரவுண்ட் முழுவதும் லைனோடு சேர்ந்துவிடுகிறது. நேரம் திருத்தும் பட்டன், பெட்டியின் திருகு, மைக்ரோகண்ட்ரோலருக்குப் புரோகிராம் ஏற்றும் யுஎஸ்பி கேபிள் எல்லாமே உயிருள்ள கம்பி. இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினாலே ஃபேஸ் எந்தப் பக்கம் என்று தெரியாது. லேப்டாப் போவது சின்ன நஷ்டம். வீட்டில் பிள்ளைகள் தொடுகிற பொருள் இது.

கொசு பேட் சர்க்யூட்டைப் பிரித்துப் போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அது ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும், ஆனால் தொடர்ந்து 16 மில்லி ஆம்பியர் தராது, அளவைக் கட்டுப்படுத்த அதில் எதுவும் இல்லை. அதையும் விட்டுவிடலாம்.

முதுகோடு முதுகாக இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்

பழைய முறை, மரியாதைக்குரிய முறை. முதல் டிரான்ஸ்ஃபார்மர் 230ஐ இறக்குகிறது, இரண்டாவது தலைகீழாக நின்று ஏற்றுகிறது. லைனிலிருந்து தனிமை கிடைக்கிறது. ஸ்விட்சிங் இரைச்சல் கிடையாது, பக்கத்தில் மத்திய அலையில் நெல்லை வானொலி ஓடினாலும் கரகரக்காது. பாகங்கள் எந்த ஸ்பேர் கடையிலும் கிடைக்கும்.

ஒரே மாதிரி இரண்டு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை வாங்கினால் டிசி 250ஐத் தாண்டிவிடும், அது அதிகம். 15-0-15 டிரான்ஸ்ஃபார்மரின் பாதியை (நடு, ஒரு ஓரம்) எடுத்து, 12-0-12இன் இரு ஓரங்களுக்குக் கொடுங்கள். ஏசி 140 வோல்ட் அளவில் வரும். ரெக்டிஃபை செய்து 22 மைக்ரோ ஃபேரட், 400 வோல்ட் கெபாசிட்டர் போட்டால் 190 வோல்ட்டை ஒட்டி நிற்கும்.

காகிதத்தில் எல்லாம் சரி. லைன் 230லிருந்து 200க்கு இறங்கினால் இந்த 190 அப்படியே 165 ஆகும், சரிசெய்ய சர்க்யூட்டில் ஆள் இல்லை. இதைவிட மோசமானது இன்வெர்ட்டர். சைன் அலையின் உச்சம் அதன் 230ஐப் போல 1.41 மடங்கு, நம் கெபாசிட்டர் நிரம்புவது அந்த உச்சத்துக்கு. வீடுகளில் இருக்கும் மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் அந்த உச்சமே கிடையாது. மீட்டர் 230 என்று காட்டும், ஃபேன் சுற்றும், லைட் எரியும், நிக்ஸி மட்டும் அணைந்துவிடும், ஏனென்றால் டிசி 135 பக்கம் வந்துவிட்டது. கூடவே டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் ‘கொர்ர்’ என்று உறுமும். கரண்ட் போனால் கடிகாரமும் போகட்டும் என்று இருப்பவருக்கும், நல்ல சைன் அலை இன்வெர்ட்டர் வைத்திருப்பவருக்கும் மட்டும் இது பொருந்தும்.

555 பூஸ்ட்

ஐசிக்கு அலைய வேண்டாம் என்பதால் தொடக்கக்காரர்கள் இதற்குத்தான் போகிறார்கள். 555 டைமர் ஐசி ஒரு மாஸ்ஃபெட்டை (சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வேகமாகத் திறந்து மூடித் தட்டுகிறது, ஒரு டிரான்சிஸ்டர் வெளியீட்டைப் பார்த்து 555ஐ அடக்குகிறது. குறை அந்த டிரான்சிஸ்டரில் இருக்கிறது. அதன் 0.6 வோல்ட்டைத்தான் இந்த சர்க்யூட் அளவுகோலாக வைத்து 180ஐ நிர்ணயிக்கிறது, அதாவது 300 மடங்கு. அந்த 0.6 ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் 2 மில்லி வோல்ட் குறையும்; வெளியீட்டில் அது 0.6 வோல்ட். மார்கழிக் காலையில் 180க்கு வைத்த கடிகாரம், அக்னி நட்சத்திரத்தில் மூடிய பெட்டிக்குள் 25 டிகிரி கூடுதல் சூட்டில் 165க்கு வந்து நிற்கும். கரண்ட் கட்டுப்பாடும் இல்லை. கற்றுக்கொள்ளச் செய்து பார்க்கலாம், கூடத்துக் கடிகாரத்துக்கு வேண்டாம்.

34063: நாங்கள் தேர்ந்தெடுப்பது

ஒரு டீக் காசுக்குக் கிடைக்கும் ஐசி. உள்ளேயே 1.25 வோல்ட் அளவுகோல், உச்சக் கரண்ட்டைக் கட்டுப்படுத்த ஒரு கால், ஆசிலேட்டர் எல்லாம் இருக்கிறது. ஸ்விட்சிங் வகை 12 வோல்ட் அடாப்டர் முன்னால் நிற்பதால் லைன் 150க்கு வந்தாலும், இன்வெர்ட்டர் எந்த அலை கொடுத்தாலும் சர்க்யூட்டுக்குத் தெரியாது. சிசிடிவி கேமராவுக்கு விற்கும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் தாராளம். ரூட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தால் கரண்ட் போனதே தெரியாமல் ஓடும். இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவுதான்.

கணக்கு இப்படி. காயில் 100 மைக்ரோ ஹென்றி, உச்சக் கரண்ட் 1.2 ஆம்பியர். ஒவ்வொரு தட்டலிலும் காயிலில் சேரும் ஆற்றல் 72 மைக்ரோ ஜூல். நொடிக்கு 50,000 தட்டல் என்றால் 3.6 வாட். இழப்பு போக நமக்கு வேண்டிய 2.9 வாட் சரியாகக் கிடைக்கிறது, அதற்குமேல் பெரிய மிச்சம் இல்லை. காயில் 12 வோல்ட்டில் நிரம்ப 10 மைக்ரோ நொடி, 180க்குக் கொட்டித் தீர்க்க 0.7 மைக்ரோ நொடி.

இந்த 0.7ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐசியின் 2ஆம் காலிலிருந்து மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு (அதைத் திறந்து மூடும் கால்) நேராகக் கம்பி இழுத்து, கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் போட்டு முடிப்பவர்கள் உண்டு. கேட் ஒரு கெபாசிட்டர். ஐஆர்எஃப்740க்கு 1,400 பிகோ ஃபேரட் அளவு. 1 கிலோ ஓம் வழியாக அது வடிய 1.4 மைக்ரோ நொடிக்கு மேலாகும். காயில் கொட்டித் தீர்க்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் மாஸ்ஃபெட் பாதி திறந்தே நிற்கிறது. வெளியீடு 120ஐத் தாண்டாது, மாஸ்ஃபெட்டைத் தொட்டால் கை சுடும். ‘ஐசி போலி’ என்று கடை அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போகும் முன் இதைப் பாருங்கள். மருந்து எளிது: 2ஆம் காலிலிருந்து கேட்டுக்கு ஒரு 4148 டயோடு, பட்டை கேட் பக்கம். ஒரு பிசி557 டிரான்சிஸ்டர்: எமிட்டர் கேட்டில், பேஸ் 2ஆம் காலில், கலெக்டர் கிரவுண்டில். அந்த 1 கிலோ ஓமை 2ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு மாற்றுங்கள். கால் கீழே இறங்கிய கணத்தில் டிரான்சிஸ்டர் கேட்டைக் காலி செய்துவிடும்.

மற்ற பாகங்கள்: 6ஆம், 7ஆம் காலுக்கிடையே 0.25 ஓம் (1 ஓம் ரெசிஸ்டர் நாலை இணையாகப் போட்டால் போதும்), 12 வோல்ட் 6ஆம் காலில். காயிலும் 1, 8ஆம் கால்களும் 7ஆம் காலிலிருந்து. 3ஆம் காலில் 1 நானோ ஃபேரட். உள்ளே நுழையும் இடத்தில் 470 மைக்ரோ ஃபேரட், 25 வோல்ட், வெளியே 4.7 மைக்ரோ ஃபேரட், 400 வோல்ட். இரண்டு எலக்ட்ரோலிட்டிக்கும் 105 டிகிரி என்று அச்சடித்ததாகப் பார்த்து வாங்குங்கள், 85 டிகிரி வேண்டாம்.

வெளியீட்டின் அளவை 5ஆம் காலுக்குத் திருப்பிச் சொல்லும் ஃபீட்பேக்கில்தான் கவனம் முழுவதும் வேண்டும். மேலே 330 கிலோ ஓம் மூன்று வரிசையாக, கீழே 5.6 கிலோ ஓமும் 2 கிலோ ஓம் ப்ரீசெட்டும் (திருகித் திருத்தும் ரெசிஸ்டர்). இதில் 164லிருந்து 222 வோல்ட் வரை திருப்பலாம். மேலே ஒரே ரெசிஸ்டராக 1 மெகா ஓம் போட்டால் என்ன? கால் வாட் ரெசிஸ்டர் பொதுவாக 250 வோல்ட் தாங்கும், போர்டின் மேலேயே ஒட்டும் சின்ன எஸ்எம்டி வகையில் 150 வோல்ட்தான். எல்லை தாண்டிய ரெசிஸ்டர் ஒருநாள் அறுந்துபோகும். அறுந்தால் ஐசிக்கு வெளியீடு பூஜ்யம் என்று தெரியும், இன்னும் இன்னும் என்று ஏற்றிக்கொண்டே போய் கெபாசிட்டரோ மாஸ்ஃபெட்டோ வெடித்துத்தான் நிற்கும். மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் மேலும் 60 வோல்ட்தான். ப்ரீசெட்டின் நடுக்காலை ஒரு ஓரக்காலோடு சேர்த்துப் பற்றவையுங்கள். நாளாவட்டத்தில் நடுக்கால் தொடர்பு விட்டாலும் முழு 2 கிலோ ஓம் வழியில் நிற்கும்; வோல்ட் இறங்கும், ஏறாது.

மேக்ஸ்1771

உலகம் முழுக்க நிக்ஸிக்காரர்கள் இதை விரும்புகிறார்கள், காரணமும் உண்டு. கேட்டைத் தானே வலுவாக ஓட்டும், 300 கிலோ ஹெர்ட்ஸ் வரை தட்டும், 34063ஐவிடச் சூடு குறைவு. ஆனால் செயல்திறனை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் ஆதாயம் எவ்வளவு? ஒன்று 80 சதவீதம், இன்னொன்று 70 சதவீதம் என்று வைத்தாலும் வித்தியாசம் அரை வாட். வருஷம் முழுக்க ஓடினால் 4 யூனிட் சொச்சம். அதற்காக, பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ கடையில் கிடைக்காத ஐசியைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ ஆன்லைனிலோ வரவழைக்க வேண்டும், பெயர் மாற்றி அச்சடித்த போலி வந்தால் திரும்பவும் காத்திருக்க வேண்டும். இதன் வேகமே இதன் சிக்கலும்கூட: பிரெட்போர்டில் போட்டால் ஓடவே ஓடாது, டாட் போர்டில்கூடக் கரண்ட் பார்க்கும் 0.05 ஓம் ரெசிஸ்டரின் கால் ஒரு சென்டிமீட்டர் நீண்டால் முறுக்கிக்கொள்ளும். நல்ல பிசிபி அச்சடித்துச் செய்பவர் தாராளமாக எடுக்கலாம்.

விலைக்கு வாங்கும் மாட்யூல்

8 முதல் 32 வோல்ட் உள்ளே, 45 முதல் 390 வோல்ட் வெளியே என்று எழுதி விற்கும் பூஸ்ட் மாட்யூல்கள் ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கின்றன. வேலை செய்யும். பிரித்ததும் ட்யூபில் மாட்டாதீர்கள். ப்ரீசெட் எந்த நிலையில் வருகிறது என்று சொல்ல முடியாது. முதலில் மீட்டரை மட்டும் வைத்து 180க்குத் திருப்பி, ப்ரீசெட் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விடுங்கள். வெளியீட்டுக்குக் குறுக்கே 470 கிலோ ஓம் ஒன்றை நீங்களே பற்றவையுங்கள், மாட்யூலில் அது இருக்கும் என்று நம்ப வேண்டாம். ட்யூபுகளைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். 4.7 மைக்ரோ ஃபேரட்டும் 470 கிலோ ஓமும் என்றால் 11 நொடியில் வடிந்துவிடும்; ரெசிஸ்டர் இல்லையென்றால் அதைவிட நேரமாகும், அதற்குள் தொட்டால் உதறும். சொந்தமாகச் செய்யும் சர்க்யூட்டுக்கும் இதே ரெசிஸ்டர் கட்டாயம்.

பெரிய ட்யூபுக்கு ஃப்ளைபேக்

ஐஎன்-18 ஆறு என்றால் ஒன்றுக்கு 6 மில்லி ஆம்பியர், மொத்தம் 36; அதாவது 6.5 வாட். 34063 மூச்சு வாங்கும். 3843 ஐசியும் கையால் சுற்றிய ஒரு சின்ன ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மரும் இங்கே சரி. பழைய அடாப்டரிலிருந்து எடுத்த ஈஈ19 கோர், பிரைமரி 12 சுற்று, செகண்டரி 120 சுற்று, இடையே மூன்று சுற்று மஞ்சள் டேப். கோரின் இரு பாதியும் ஒட்டிக்கொள்ளக் கூடாது, 20 மைக்ரோ ஹென்றிக்கு இடைவெளி வேண்டும். ஏ4 தாள் ஒன்று 0.1 மில்லிமீட்டர் கனம். இரண்டு ஓரக்கால்களிலும் ஒரே ஒரு தாள் துண்டு வைத்து இறுக்கிக் கட்டினால் நடுக்காலும் சேர்த்து மொத்த இடைவெளி 0.2 ஆகும், கணக்குக்குச் சரியாக வரும்.

இதில் கிடைக்கும் பெரிய லாபம் மாஸ்ஃபெட்டுக்கு. பூஸ்டில் அது முழு 180ஐயும் தாங்க வேண்டும். இங்கே 12ம், 180இல் பத்தில் ஒரு பங்கும் சேர்ந்த 30 வோல்ட்டும், மேலே கண நேரம் எகிறும் ஸ்பைக்கும்தான். ஸ்பைக்கை ஒரு ஸ்னப்பரால் (எகிறலை உறிஞ்சும் சிறு சர்க்யூட்) அடக்கிவிட்டால் 100 வோல்ட் ஐஆர்எஃப்540 போதும், சூடாகாது. கடையில் 3843 கேட்டால் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று 3842ஐக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். 3842 விழித்துக்கொள்ள 16 வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டில் அது செத்த ஐசி மாதிரி கிடக்கும். 3843க்கு 8.4 போதும்.

கடையில் மாறிவரும் பாகங்கள்

பூஸ்ட் சர்க்யூட்டில் டயோடு யூஎஃப்4007 அல்லது எச்இஆர்108. வெறும் 4007 போட்டால் அது மூடவே சில மைக்ரோ நொடி எடுக்கும், ஏற்றிய ஆற்றல் திரும்ப வழிந்து டயோடு கொதிக்கும். மாஸ்ஃபெட் ஐஆர்எஃப்740, இல்லாவிட்டால் 840. 640 என்பது 200 வோல்ட் எல்லை, 180க்கு மிக நெருக்கம். இசட்44 வேண்டவே வேண்டாம், 55 வோல்ட்டில் படுத்துவிடும். காயில் 2 ஆம்பியர் வரை தாங்கும் உருளை ஃபெரைட் வகை. ரெசிஸ்டர் மாதிரி ஒல்லியாக வரும் காயில் அரை ஆம்பியருக்குள்ளேயே நிறைந்துவிடும், அதற்குமேல் வெறும் கம்பிதான்.

சாரல் பக்கத்து வீட்டுக்காரர்கள் பற்றவைப்பில் மிஞ்சும் ஃப்ளக்ஸைக் கழுவாமல் போர்டைப் பெட்டியில் அடைக்கக் கூடாது. மிச்ச ஃப்ளக்ஸ் ஈரத்தைக் குடித்து, ஃபீட்பேக்கின் 990 கிலோ ஓமுக்கு இணையாக 10 மெகா ஓம் கசிவு உண்டாக்கினால் போதும், 180 தானாக 164 ஆகிவிடும். காலையில் மங்கல், மதியம் வெயில் வந்ததும் சரி, மறுநாள் மறுபடி மங்கல் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவி, ஒருநாள் வெயிலில் காயவைத்து, ப்ரீசெட்டை மட்டும் விட்டுவிட்டு இரண்டு கை பிசிபி வார்னிஷ் அடியுங்கள். உவரிப் பக்கத்துக்கு மூன்று கை.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது ட்யூப் எதுவும் வேண்டாம். 12 வோல்ட் கம்பியில் வரிசையாக ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட். ப்ரீசெட் மிகக் குறைந்த வோல்ட்டில். பல்பு ஒருமுறை மின்னி அணைந்தால் சரி. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் மாஸ்ஃபெட் ஷார்ட் அல்லது கேட் மூடவில்லை, உடனே எடுத்துவிடுங்கள். அடுத்து பல்பை நீக்கி, 22 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் இரண்டை இணையாக வெளியீட்டில் கட்டுங்கள். 11 கிலோ ஓம், 180 வோல்ட்டில் 16 மில்லி ஆம்பியர், ஆறு ட்யூபுக்குச் சமம். ஜீரோ வாட் பல்பை லோடாகக் கட்டாதீர்கள். பெயர்தான் ஜீரோ, குண்டு பல்பாக இருந்தால் 15 வாட் இழுக்கும். ரெசிஸ்டர் லோடோடு 180க்குத் திருப்பி, பெட்டியை மூடி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 178க்குக் கீழே இறங்கவில்லை என்றால் ட்யூபுகளை மாட்டலாம்.